எல்லாம் அவ பேருலதானுங்க

ஏனுங்க, இந்தச் சீட்டுக்கு ஆளு வருதுங்களா? இல்லீங்களா, செரிங்க. சித்தே அந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா நான் உக்காந்துக்குவனுங்க. அவினாசி தாண்டுனா கூட்டம் கொறஞ்சு போயிரும். நீங்க கோயமுத்தூரு வரைக்குங்களா? சட்டைப்பையில பேனா வெச்சிருக்கீங்க, வாத்தியாருங்களா? ஓ, ஆபீஸுங்களா. பாத்தவொடனே நெனச்சனுங்க. பேனா வெச்சிருக்கற ஆளப் பாத்தா எனக்கொரு மரியாதைங்க. இந்தக் காலத்துல எவன் பேனா வெச்சிருக்கறான், அல்லாம் செல்போனுதான்.

நானுங்களா? எங்கூட்டுக்காரியப் பாக்கப் போறனுங்க. அய்யோ, ஆஸ்பத்திரி இல்லீங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறா. காந்திபுரத்துல எறங்கி நடக்கற தூரந்தான். ஜெயிலுங்க. சத்தமாச் சொல்லிப்போட்டனா? சொன்னா என்னங்க, திருட்டா கொலையா? செக்குக் கேஸு. கலாமணின்னு பேரு. கோயில் உண்டியல்ல போடறன்னு வேண்டுனதுல ஒரு ரூவா கொறஞ்சு போச்சுன்னு பாதி வழியில பஸ்ஸ உட்டு எறங்கித் திரும்பிப் போனவங்க அவ. அவளப் போயி உள்ள வெச்சிருக்காங்க. நாட்டுல நாயம் இருக்குதுங்களா?

ஆனா ஒண்ணு சொல்றனுங்க. ஜெயிலுக்குப் போனதுகூட எனக்குப் பெருசில்ல. போன பின்னால என்னய ஒரு மனுசன்னு மதிக்காம ஒரு காரியம் பண்ணுனா பாருங்க, அதுதான் நெஞ்சுல முள்ளாட்டம் நிக்குது. கேக்கறீங்களா? இன்னும் ஒரு மணி நேரம் போகோணும், கேளுங்க.

நமக்குத் திருப்பூருல பனியன் கம்பெனிங்க. பெருசா நெனச்சுக்காதீங்க, ஒரு ஷெட்டு, நாலு தையல் மிசினுல ஆரம்பிச்சது. பெரிய கம்பெனிக்காரங்க குடுக்கற ஆர்டர வாங்கித் தெச்சுக் குடுக்கறது. கம்பெனிப் பேரு என்ன தெரியுங்களா? கலாமணி நிட்ஸ். போர்டுல ஆளு ஒசரத்துக்கு எழுத்து. ஓனரு அவ. லைசென்சு அவ பேரு, பேங்குக் கணக்கு அவ பேரு, செக்கு புக்கு அவ பேரு, கரண்டு பில்லுகூட அவ பேரு. எந்தப் புருசன் பொண்டாட்டிக்கு இப்படிச் செய்யறான், நீங்களே சொல்லுங்க. என்ற சோட்டாளிக அத்தன பேரும் கேலி பண்ணுவானுக. "சென்னியப்பா, ஓனரம்மாகிட்டச் சம்பளம் வாங்கியாச்சா"ம்பானுக. நான் சிரிச்சுட்டே போயிருவேன். பொம்பளைக்கு மரியாதை குடுக்கறதுல எனக்கு வெக்கமே இல்லீங்க.

ஜோசியர் சொன்னாருங்க. அவளுக்கு ரோகிணி. "உங்க கையில காசு தங்காது, அந்தம்மா கைப்பட்டாத் தொலங்கும்"னாரு. அதுவுமில்லாம அதுக்கு முன்னாடி என்ற பேருல ஒரு கம்பெனி வெச்சிருந்தனுங்க. சென்னியப்பன் கார்மெண்ட்ஸ். அது படுத்துப்போச்சு. அப்பறம் எந்தப் பேங்குல போயி என்ற பேரச் சொன்னாலும் மேனேஜரு தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிருவாரு. அது வேற கதைங்க. முக்கியம் ஜோசியந்தான்.

அதுல நான் ஒரு பழக்கங் கொண்டாந்தேன் பாருங்க. புதுச் செக்கு புக்கு வந்துதுன்னா எங்கூட்டுல நேரா பீரோவுக்குப் போகாது. சாமி ரூமுல இருக்கும். வெள்ளிக்கெழமை காத்தால அவ தலைக்குக் குளிச்சு, வெளக்கேத்தி, அட்டையில மஞ்சக் குங்குமம் வெச்சு, சம்மணம் போட்டு உக்காந்து மொத செக்குல இருந்து கடைசிச் செக்கு வரைக்கும் ஒரே மூச்சுல கையெழுத்துப் போடோணும். நடுவுல எந்திரிக்கக் கூடாது, பேசக் கூடாது. நோம்பு மாதிரி. மகாலச்சுமியே வந்து போட்ட கணக்கு. எனக்கும் அர அவசரத்துக்கு அவளத் தேடிட்டுத் திரியற வேலை இல்ல பாருங்க. ஒரு கல்லுல ரெண்டு மாங்கா.

அவ கையெழுத்த நீங்க பாக்கோணுமுங்க. பத்தாவது படிக்கறப்பக் கையெழுத்துக்குப் பிரைசு வாங்குனவ. என்ற இனிசியலப் போட்டு, செ.கலாமணின்னு, முத்துக் கோத்தாப்பல இருக்கும். மொதத் தடவ போடறப்ப மட்டும் நிமுந்து பாத்துக் கேட்டா. "ஏனுங்க, மேல ஒண்ணுமே எழுதலீங்களே?" "அதெல்லாம் நான் எழுதிக்கறேன். நீ உம் பேர மட்டும் போடு சாமி"ன்னேன். அதோட செரி. அதுக்கப்பறம் ஒரு நாளும் கேக்கலீங்க. வெரல வேணும்னாலும் வெட்டிக் குடுப்பா, கேள்வி கேக்க மாட்டா. அப்படி இருந்தவ.

நல்லாத்தான் ஓடுச்சுங்க. மிசினு பன்னெண்டு ஆச்சு. அப்பறம் நூல் வெலை ஏறுச்சு பாருங்க ஒரு வருசம், அப்பப் புடிச்சுது சனி. விசுவநாதன்னு ஒரு நூல் யாவாரி. அவங்கிட்டக் கடனுக்கு நூல் எடுத்து, ஈடா ஒரு கத்தைச் செக்கக் குடுத்து வெச்சிருந்தேன். பேங்குல போட வேண்டாம், ஒரு நம்பிக்கைக்குத்தான்னு சொல்லிக் குடுத்தது. பெரிய கம்பெனிக்காரன் கலரு சேரலைன்னு சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிச்சுட்டான். நான் என்ன பண்ணுவேன்? கொஞ்ச நாளு செல்லை ஆப் பண்ணி வெச்சிருந்தேன். மனுசனுக்கு நிம்மதி வேணுமில்லீங்களா? அந்த விசுவநாதன் பொறுக்க மாட்டாம எல்லாச் செக்கையும் கொண்டு போயிப் பேங்குல போட்டுப்புட்டான். கணக்குல காசில்லைன்னு திரும்பி வந்துருச்சு. வக்கீல் நோட்டீஸு வருது, கலாமணி பேருக்கு.

தபால்காரரு வந்தா வாங்காத, ஆளு ஊருல இல்லைன்னு சொல்லிருன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். இவ வாங்கி வெச்சிருக்கறா. ஏண்டின்னா, "நானே கதவத் தொறந்து நின்னுட்டு நான் இல்லைன்னு எப்படீங்க சொல்றது?"ங்கறா. பொய் சொல்லத் தெரியாத பொம்பளைய ஓனரா வெச்சுட்டுத் தொழில் பண்றது எத்தன செரமம்னு பாருங்க.

கேஸு மூணு வருசம் இழுத்துதுங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளே பஸ்ஸேறிப் போயிட்டு வருவா. தயிருசோத்தக் கட்டிக்குவா. நான் போகலீங்க. அங்க போயி நின்னா விசுவநாதன் என்னயும் சேத்து இழுத்து உட்டுருவான்னு ஒரு பயம். ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா ஊட்ட யாரு பாக்கறது? ஒரு நா சாயங்காலம் வந்து செருப்பக் கழட்டாம வாசப்படியிலயே நின்னுட்டா. என்னடின்னேன். "கோர்ட்டுல கலாமணி கலாமணின்னு கூப்புட்டாங்க. யாரோ ஒரு களவாணியக் கூப்புடறாங்கன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தனுங்க"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாவம்னும் இருந்துது. சிரிப்பும் வந்துது.

தீர்ப்பு அன்னைக்குப் பாத்து எனக்குப் பிரசர் ஏறிப்போச்சுங்க. படுக்கையில இருந்து எந்திரிக்க முடியல. செக்கு புக்கு காணாமப் போச்சுங்க, யாரோ களவாண்டு போட்டுக்கிட்டாங்கன்னு சொல்லுன்னு அத்தன தடவ சொல்லி அனுப்பிச்சிருந்தேன் முந்தியே. இவ ஜட்ஜு கேட்டதுக்கு என்ன சொல்லியிருக்கறா தெரியுங்களா? "நான் போட்ட கையெழுத்துத்தானுங்க சாமி. வெள்ளிக்கெழமை பூசையில போட்டது"ன்னிருக்கறா. கோர்ட்டே சிரிச்சுதுன்னு வக்கீலு சொன்னாரு. எனக்கு மானமே போச்சுங்க. ஆறு மாசம்னு எழுதிட்டாங்க.

ஒடனே ஒண்ணும் கூட்டிட்டுப் போயிரல. மேல் கோர்ட்டுக்குப் போறதுக்கு ஒரு மாசம் டைம் குடுத்தாங்க. அங்க கொஞ்சம் பணங் கட்டோணும், கட்டுனா ஊட்டுலயே இருக்கலாம்னாரு வக்கீலு. பணம் இருந்துதுங்க, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். மிசினுகள வித்தது இருந்துது. ஆனா பாருங்க, அதே நேரத்துல காங்கயம் ரோட்டுல ஒரு ஷெட்டு வாடகைக்கு வருது. அட்டகாசமான எடம், வாஸ்து அப்படி. அத உட்டா வேற எவனாச்சும் அமுக்கிருவான். கோர்ட்டுல கட்டுன காசு குட்டி போடுமாங்க? தொழில்ல போட்டாப் போடும். நான் போயி அட்வான்ஸக் குடுத்துட்டு எலுமிச்சம்பழத்தோட ஊட்டுக்கு வர்றேன், கதவு தொறந்து கெடக்குது. மாவாட்டற கிரைண்டரு பாட்டுக்கு ஓடிட்டிருக்குது. பக்கத்தூட்டம்மா சொல்லுது, போலீஸு பொம்பளைக ரெண்டு பேரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு. கிரைண்டர நாந்தான் நிறுத்துனேன். அன்னைக்கு அழுதனுங்க. எம் பொண்ணு பாத்தா, கேட்டுப் பாருங்க.

இப்பச் சொல்றேன் பாருங்க, அந்த விசயத்த. ஜெயிலுல போயிப் பாக்கறதுக்கு மனுப் பாக்கறதும்பாங்க. மொத மனுவுக்குப் போனன். வக்கீலு ஒரு பேப்பரு குடுத்து உட்டிருந்தாரு, அவ கையெழுத்து வேணும்னு. உள்ள இருந்து திரும்பி வருது, கட்டவெரலு ரேகையோட. இதென்னங்க, ஆளு மாறிப்போச்சா, எங்கூட்டுக்காரி படிச்சவளாச்சேன்னேன். அந்த ஆபீசரம்மா என்னய ஒரு மாதிரிப் பாத்துட்டு, "உள்ள வந்தன்னைக்கே சொல்லிட்டாங்களே, கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு. எல்லாத்துக்கும் கைநாட்டுத்தான் வெக்கறாங்க"ங்கறாங்க.

 கம்பி வலைக்கு அக்கட்ட வந்து நிக்கறா. "ஏண்டி, பிரைசு வாங்குன கையெழுத்து என்னாச்சு?"ன்னேன். "மறந்துபோச்சுங்க"ங்கறா. மூஞ்சியில ஒரு வருத்தமில்ல, ஒரு பயமில்ல. இருவத்திரண்டு வருசத்துல ஒரு பொய் சொல்லாதவ, தபால்காரங்கிட்டச் சொல்லாதவ, ஜட்ஜுகிட்டச் சொல்லாதவ, மொதப் பொய்யக் கட்டுன புருசங்கிட்டச் சொல்றா. எத்தன திமிரு இருக்கோணும்! அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலீங்க.

சரி, புது எடம், பொம்பள மெரண்டு போயிருக்கறான்னு உட்டுட்டேன். அடுத்த மனுவுல நல்ல விதமாப் பேச்செடுத்தேன். அவ அப்பன், என்ற மாமனாரு, சென்னிமலைப் பக்கம் ஒரு ஊடு அவளுக்கு எழுதி வெச்சிருக்கறாரு. ஒத்தைப் புள்ள. உனக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடறாப்பல அந்த ஊட்டுக்கு எனக்கு ஒரு பவரு எழுதிக் குடுத்துரு, ஊட்ட பேங்குல வெச்சுப் புதுக் கம்பெனியத் தூக்கி நிறுத்திர்றேன்னேன். அதுக்கு இவ என்ன சொல்றா தெரியுங்களா? "அந்த ஊட்ட வித்து நூல்காரருக்குக் குடுத்துருங்க. அவரு செரின்னுட்டா என்னய உட்டுருவாங்களாமுங்க. என்னயக் கூட்டிட்டுப் போயிருங்க"ங்கறா. வலையில வெரல உட்டுப் புடிச்சுட்டுச் சொல்றா. எனக்கு மனசு எளகாம இல்லீங்க. ஆனா தொழில் தெரியாத பேச்சில்லீங்களா அது? இருக்கறது ஒரே ஊடு. அத வித்து ஊரான் வாயில போட்டுட்டு, இவளக் கூட்டியாந்து நடு ஊட்டுல உக்கார வெச்சுட்டு, அப்பறம் எதத் திங்கறது? இன்னும் நாலு மாசம். கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போகுது. உள்ள சோறு போடறாங்க, ஆஸ்பத்திரி பாக்கறாங்க.

அதைய எடுத்துச் சொன்னேன். சொல்லிட்டு, நல்ல சேதியாச் சொல்லுவோம்னு, "கவலைப்படாத, இந்தத் தடவ நம்ம மிருதுளா பேருல கம்பெனி. மிருதுளா நிட்ஸ்"ன்னேன். மிருதுளா எம் பொண்ணுங்க. பதினெட்டு முடிஞ்சுது இந்த ஆடியில. இவ மூஞ்சி மாறிப்போச்சு. "வேண்டாமுங்க. அவ பேருல ஒண்ணும் வெக்காதீங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன், அவ பேருல மட்டும் வெக்காதீங்க"ன்னு கத்தறா. அங்கிருக்கற பொம்பளைக எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. பாருங்க, பெத்த தாய்க்கே பொறாமை. இத்தன நாளு போர்டுல தம் பேரு இருந்துது, இப்ப மகளுது வருதேன்னு. பொம்பள மனசு எப்படிப் போகுது பாத்தீங்களா? அதுக்கப்பறம் ரெண்டு மனு, நான் போனா வந்து நிக்கறா, வாயே தொறக்கறதில்ல.

ஜோசியர் சொல்லிப்போட்டாருங்க, பொண்ணுக்கு அம்மாளவிட யோகம்னு. உத்தரம். பி.காம் மொத வருசம் படிக்குது. செக்கு, சட்டம் எல்லாம் அதுக்குப் பாடத்துலயே வருது, வெவரமான புள்ள. போன வெள்ளிக்கெழமை பூசை போட்டமுங்க. அவ அம்மா உக்கார்ற பலகையிலயே உக்கார வெச்சு, அதே குங்குமச் சிமிழு, புதுச் செக்கு புக்கு. பேனாவக் கையில வெச்சுட்டு என்னயப் பாத்துட்டே இருக்குது. என்ன அம்மிணின்னேன். "இதப் போட்டா அம்மாவக் கூட்டிட்டு வந்துருவீங்களாப்பா?"ன்னு கேட்டுது. "தொழில் நடந்தாத்தானே காசு, காசு இருந்தாத்தானே அம்மா? போடு, அடுத்த மாசமே கூட்டியாரலாம்"னேன். அதுக்கப்பறம் தலை நிமுரல. சரசரன்னு கடைசிச் செக்கு வரைக்கும் போட்டுட்டு, "இன்னொரு புக்கு இருக்குதாப்பா?"ன்னு கேட்டுது பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அம்மா மேல உசுரு அதுக்கு. கையெழுத்தும் அப்படியே அவ அம்மாளுது. அச்சு. தனியா வெச்சுப் பாத்தா நீங்க கண்டுபுடிக்க முடியாது.

அது தெரிஞ்சா இவ குதிப்பா. சொல்லத்தான் போறேன் இன்னைக்கு. ஆகற காரியத்தப் பாக்கோணுமில்லீங்களா? "உன்ற மக ஏற்கெனவே போட்டாச்சு. இனி நீ பவரு குடுத்தீன்னா ஊட்டு மேல பணம் வாங்கித் தொழில நல்லபடியா நடத்துவேன், புள்ள தப்பிச்சுக்கும். குடுக்கலைன்னா அவ செக்கத்தான் நான் வெளிய குடுக்கோணும். எது வேணும், நீயே சொல்லு"ன்னு கேக்கப் போறேன். மெரட்டறன்னு நெனைக்காதீங்க. முடிவ அவ கையிலயே குடுக்கறேன். எப்பவும் அவதானே ஓனரு.

கைநாட்டு வெப்பாளுங்க, வெக்காம எங்க போறா. பாருங்க, இங்க்கு பேடு வாங்கியாந்திருக்கறேன், புதுசு. அவ புத்திக்கு நான் சளைச்சவனா? கையெழுத்துத் தெரியாதுன்னு அவளே வாயால சொல்லி எழுதி வெச்சாச்சு. இனிக் கட்டவெரலு வெச்சாச் செல்லும். ஆபீசரு முன்னாலதான் வெக்கோணும்னு வக்கீலு சொன்னாரு, அதுக்கும் எழுதிக் குடுத்தாச்சு. நாங் கெட்டவனா இருந்தா இத்தன தடவ பஸ்ஸேறி வருவனுங்களா? அவளுக்குப் புடிச்ச முறுக்குக்கூட வாங்கியாந்திருக்கறேன். உள்ள உடுவாங்களோ என்னமோ. அவ தின்னு நான் பாத்து மூணு மாசமாச்சுங்க. ஊடு ஊடாவே இல்லீங்க. காத்தால எந்திரிச்சா ஒரு காப்பி குடுக்க ஆளில்ல.

அட, சித்ரா ஸ்டாப்பு தாண்டிப்போச்சுங்களா, பேசிட்டே வந்ததுல தெரியல. எறங்கறதுக்குள்ள உங்ககிட்ட ஒரு ஒதவிங்க. தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கைநாட்டுல பாருங்க, ஒரு எடைஞ்சலு. கையெழுத்துன்னா நிம்மதி. கைநாட்டுன்னா படிச்சவங்க ரெண்டு பேரு சாட்சி போடோணுமாம். ஒருத்தரு, எங்க தெருவு டெய்லரு, நேத்தே போட்டுக் குடுத்துட்டாரு. இன்னொருத்தருக்குத்தான் காத்தால இருந்து ஆளுப் பாக்கறேன். பஸ்ஸுல ஏறுனவொடனே உங்க பேனா கண்ணுல பட்டுது. கடவுள் காட்டுன மாதிரி.

நீங்க உள்ள வர வேண்டாமுங்க, அவளப் பாக்க வேண்டாம், உங்களுக்கு ஒரு தொந்தரவுமில்ல. இந்தப் பவரு பத்திரத்த இங்கயே, மடியில வெச்சுப் போட்டுக் குடுத்தாப் போதும். வண்டி ஆடும், பொறுங்க, இந்தப் பைய அடியில குடுத்துக்குங்க. இந்தாங்க, இங்க, கீழ இந்தக் கோட்டு மேல. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? மேல ஒண்ணும் எழுதலைன்னுங்களா?

அதெல்லாம் நான் எழுதிக்கறனுங்க. நீங்க உங்க பேர மட்டும் போடுங்க.